டேவிஸின் பின்னேரக் காற்று

டேவிஸ், கலிபோர்னியா
20 ஜூலை 1986

அன்பின் கௌரிக்கு,

வந்து சேர்ந்த செய்தியைத் தொலைபேசியில் கத்திச் சொன்னேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

ஊர் தட்டை. தோசைக்கல் மாதிரித் தட்டை, தோசைக்கல் மாதிரியே சூடு. ஒக்லாந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் எரிமலை வந்து முட்டும். இங்கே மேற்கில் தூரத்தில் ஒரு நீலக்கோடு தெரிகிறது, அதைத்தான் மலை என்கிறார்கள். இனி மழை ஒக்டோபரில் வந்தால் உண்டு என்று வீட்டுக்காரி சொன்னாள். எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். பேராசிரியர்கள் காற்சட்டைக் காலில் ரப்பர் பட்டி மாட்டிக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை. மாணவர்கள் விடுமுறைக்குப் போய்விட்டதால் ஊர் பாதி காலி. மிஞ்சியிருப்பது திராட்சையும் தக்காளியும் நானும்தான்.

இனி நீர் கேட்கப்போகிற விஷயம். ஓம், இங்கே வைனைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். மவுண்ட் ஆல்பர்ட் ஆய்வுகூடத்தில் நான் திராட்சை இலையில் வருகிற நோயோடு நின்றுகொண்டேன். இங்கே அந்தத் திராட்சை போத்தலுக்குள் என்னவாகிறது என்றும் படிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு குழு. ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு துப்பற் சட்டி. வாயில் எடுத்து, அலசி, துப்ப வேண்டும். விழுங்கினால் குழுத் தலைவி முறைப்பார். விழுங்குகிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் நாக்கு வேலை செய்யாதாம்.

கலியாணத்துக்கு முதல் உமக்குத் தந்த வாக்கு எனக்கு மறக்கவில்லை. ஒரு சொட்டும் தொண்டைக்குக் கீழே போகவில்லை. நான் துப்புகிற அழகைத் தாரணி பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

டிசெம்பரில் நீங்கள் இரண்டு பேரும் வரும்போது இங்கே குளிராக இருக்கும். பிள்ளைக்குத் தடித்த சட்டையாக எடும்.

அன்புடன்,
குணரத்தினம்


சான்ட்ரிங்ஹாம், ஒக்லாந்து
5 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இங்கே மழை. குளியலறைச் சுவரில் பூஞ்சணம் திரும்பவும் கறுத்துவிட்டது, பிளீச் போட்டுத் தேய்த்தேன். மங்கரே வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். முதலாவது பிந்தினால் இரண்டாவது காத்திருக்காது. விமானச் சரக்கு அலுவலகத்தில் ஹீட்டர் பழுது. தாரணி எதைக் கேட்டாலும் “ஐ நோ, அம்மா” என்கிறாள். ஒன்றும் தெரியாது.

துப்புகிறதைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். சரி என்று எழுதவும் என்னால் ஏலாமல் இருக்கிறது, பிழை என்று எழுதவும் ஏலாமல் இருக்கிறது. “தொடமாட்டேன்” என்றுதானே சொன்னீர்கள்? வாய் என்ன, தொடாமலா துப்புகிறது? சரி, அது உங்கள் படிப்பு. ஆனால் என்னுடைய அப்பாவை உங்களுக்கு அவருடைய கடைசி வருடத்தில்தான் தெரியும். அதற்கு முதல் இருந்த அப்பாவை எனக்குத் தெரியும். அவரும் முதலில் நாக்கில் வைத்துத்தான் பார்த்தார்.

டிசெம்பர் டிக்கெட் பதிந்தாயிற்று. வேலையிடத்தில் லீவு தரமாட்டார்கள், விலகத்தான் வேண்டும். வீட்டையும் விடுகிறோம். திரும்பி வந்து நிற்க இடமிருக்காது. அதனால் நான் கேட்பதற்கு யோசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கௌரி


டேவிஸ்
24 ஓகஸ்ட் 1986

அன்பின் கௌரிக்கு,

முதலில் உமது கேள்விக்குப் பதில். தொடமாட்டேன் என்றுதான் சொன்னேன். நாக்குத் தொடுகிறது. அதில் வாதாட இடமில்லை. ஆகவே குழுத் தலைவியிடம் போனேன். வீட்டில் ஒரு வாக்குத் தந்திருக்கிறேன், மணந்து பார்க்கிற வேலைக்கு மட்டும் என்னை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மணம்தான் முக்கால்வாசி வேலை, நாக்குக்கு வேறு ஆள் இருக்கிறது என்றார். இப்போது எனக்குத் துப்பற் சட்டியும் இல்லை. தாரணிக்குத்தான் நட்டம்.

மணத்தைச் சொல்லில் எழுதப் பழக்குகிறார்கள். மேசையில் மூடி போட்ட போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் கறிமிளகாய்த் துண்டு, ஒன்றில் வெட்டின புல், ஒன்றில் கராம்பு, ஒன்றில் நனைந்த காட்போட் அட்டை. மணந்து மணந்து ஒவ்வொன்றையும் மனதில் பதிக்க வேண்டும். “நல்ல மணம்” என்று எழுதினால் தாள் திரும்பி வரும். “நல்லது என்பது உன் அபிப்பிராயம், அது எனக்கு வேண்டாம். என்ன இருக்கிறது என்று சொல்” என்பார் தலைவி. ஒரு சிவப்பு வைனுக்கு நான் “நல்லெண்ணெய் காய்ச்சி இறக்கின சட்டி” என்று எழுதினேன். அடுத்த கிழமை நல்லெண்ணெயும் ஒரு போத்தலில் மேசைக்கு வந்துவிட்டது.

இதனால் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துவிட்டது. தெருவில் போகும்போதும் சொல் தேடுகிறேன். இது தக்காளி அறுவடைக் காலம். பெரிய லொறிகள் குவித்து ஏற்றிக்கொண்டு போகின்றன, வளைவுகளில் தக்காளி உருண்டு விழுந்து நசுங்குகிறது. மத்தியான வெயிலில் அந்த வளைவுகளில் ரசம் கொதிக்கிற வாசம், கொத்தமல்லி போடாத ரசம். பின்னேரம் ஒரு காற்று வருகிறது. அதைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன், இன்னும் சொல் சரியாக வரவில்லை.

அன்புடன்,
குணரத்தினம்


டேவிஸ்
21 செப்டெம்பர் 1986

என் அன்புக் கௌரிக்கு,

உமது கடிதம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பகல் முழுக்க இந்த ஊர் அசையாது. நாய்கள் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். யன்னல் சீலை, மரம், ஆட்கள் எல்லாம் ஒரு படத்தில் இருப்பது போல இருக்கும். ஆறு மணிக்குப் பிறகு தெற்கேயுள்ள பொப்லர் மரங்களின் நுனி மட்டும் திரும்பும். கடல் வெகு தூரத்தில் இருக்கிறது, ஆனால் மலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதற்குள்ளால் கடற்காற்று நுழைந்து இந்த வெளி முழுவதையும் கடந்து எங்கள் வாசலுக்கு வருகிறது. வரும்போது அதில் உப்பு இல்லை. வைக்கோலும் வாய்க்கால் தண்ணீரும்தான் இருக்கும். வீடு வீடாக யன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்கும். கதைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் கதையை நிறுத்துவார்கள். ஒருவரும் “காற்று வந்துவிட்டது” என்று சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தோள் இறங்கும்.

மாணவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஊர் முழுக்கச் சைக்கிள் மணி. தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறார்கள். வெட்டுகிற மெக்சிக்கோக்காரர்கள் விடியவே தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு வரிசைகளுக்கு நடுவே நின்றால் குளவிகளின் சத்தமும் நசிந்த பழத்தின் புளிப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

முந்தாநாள் பின்னேரம் வாய்க்கால் கரையில் இருந்தேன். வயலில் வைக்கோல் எரித்த புகை வானத்தில் நின்றது. அதற்குள்ளால் நிலா எழும்பி வந்தது, செம்பு நிறத்தில், அவசரமே இல்லாமல். கௌரி, நீர் அந்த நிலாவைப் பார்த்திருக்க வேணும். பார்த்தால்தான் தெரியும்.

அன்புடன்,
உமது குணரத்தினம்


சான்ட்ரிங்ஹாம்
6 ஒக்டோபர் 1986

அத்தானுக்கு,

டிசெம்பர் டிக்கெட்டை விட்டுவிட்டேன். வேலையிலிருந்து விலகவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கோபிக்காமல் வாசியுங்கள். கோபித்தாலும் வாசியுங்கள்.

அப்பா குடிக்காத நாட்களில் என்ன கதைப்பார் தெரியுமா? உப்பு முடிந்துவிட்டது, பஸ் பிந்திவிட்டது, செருப்பு அறுந்துவிட்டது. அவ்வளவுதான். குடித்த அன்றைக்குத்தான் அவருக்கு வானம் தெரியும். படலையைத் திறக்கும்போதே “என்ன காற்றடி பிள்ளை, இந்தக் காற்றை விட்டிட்டு வீட்டுக்கை கிடக்கிறியள்” என்பார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு “வந்து நிலாவைப் பாரப்பா” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பின்படலையால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். நிலாவுக்குப் பிறகு என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் ஒன்பது வருடமாக வெளியூர் போன நேரமெல்லாம் எனக்கு எழுதின கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றிலாவது நிலா இல்லை. இப்போது “என் அன்புக் கௌரி” என்கிறீர்கள். காற்று வீடு வீடாக வருகிறது என்கிறீர்கள். எழுத்துக்கூட ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மணந்து மட்டும்தான் பார்க்கிறேன் என்று எழுதினீர்கள். அப்பாவும் அம்மாவிடம் அதைத்தான் சொல்வார்: “மணந்துதான் பார்த்தனான்.”

நீங்கள் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அப்பாவும் கெட்ட மனிதர் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். தாரணியைக் கூட்டிக்கொண்டு தெரியாத ஊருக்கு வந்து, அங்கே எந்தப் பக்கத்து வீட்டுக்கு நான் போவது? குடிக்கவில்லை என்று பிள்ளையின் மேல் சத்தியம் பண்ணி எழுதுங்கள்.

கௌரி


டேவிஸ்
19 ஒக்டோபர் 1986

கௌரிக்கு,

சத்தியம் பண்ணமாட்டேன். ஏற்கெனவே தந்த வாக்கு ஒன்று இருக்கிறது. அது உமக்குப் போதாதென்றால் இரண்டாவதும் போதாது. பிள்ளையை இதற்குள் இழுக்காதேயும்.

எழுத்துச் சாய்ந்தது வாய்க்கால் கரையில் இருந்து முழங்காலில் வைத்து எழுதினதால். இனி மேசையில் வைத்து எழுதுகிறேன். வானத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

இந்தக் கிழமைக் காலநிலை: கூடியது 26 பாகை, குறைந்தது 9. மழை இல்லை.

குணரத்தினம்


டேவிஸ்
9 நவம்பர் 1986

கௌரிக்கு,

கூடியது 19. குறைந்தது 5. செவ்வாய்க்கிழமை தூறல். சுகமாக இருக்கிறேன். ஒக்லாந்திலிருந்து மணியம் வந்தார், மிளகாய்த்தூள் கிடைத்தது.

குணரத்தினம்


சான்ட்ரிங்ஹாம்
27 நவம்பர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

கிளென்ஃபீல்ட் மணியம் தம்பி போன சனிக்கிழமை மனைவி ஜெயாவோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய தங்கை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் அங்கே போகிறார் என்று தெரிந்ததும் மிளகாய்த்தூள் கொடுத்துவிட்டது நான். மிளகாய்த்தூள் ஒரு சாட்டு. “அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு வாரும்” என்று சொன்னேன். எப்படி என்றால் என்ன என்பதை ஜெயாவிடம் தனியாகச் சொன்னேன். வெட்கம்தான். மறைத்து என்ன செய்ய?

மலேசியாக்காரர் ஒளித்துப் பேசமாட்டார்தானே. சோபாவில் இருந்ததும் தொடங்கினார்.

“அக்கா, நேராவே சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரரு என்னை ஒரு பார்ட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அறுவடை முடிஞ்ச பார்ட்டி. எல்லாரும் கிளாஸும் கையுமா நிக்கிறாங்க. இவரும் கிளாஸைத் தூக்கிட்டாரு. சரி, மாட்டிக்கிட்டாருன்னு நான் பார்க்கிறேன். மூக்குக்கிட்ட வச்சாரு, கண்ணை மூடினாரு, ஏதோ சொன்னாரு, எல்லாரும் கை தட்டினாங்க. கிளாஸை அடுத்த ஆள்கிட்ட குடுத்துட்டாரு! அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்க கிளாஸைக் கொண்டாந்து நீட்டுறாங்க. சாமிக்குப் படைக்கிற மாதிரி லா. ராத்திரி வரைக்கும் மனுஷன் குடிச்சது ஆரஞ்சு ஜூஸுதான், அதுவும் பாதி.”

எனக்கு அது போதும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

“மறுநாள் சாயங்காலம் படிக்கட்டுல உக்காந்திருந்தாரு. மடியில பேப்பர். ‘கௌரிக்குக் கடிதம்’னாரு. சரி எழுதட்டும்னு நானும் ஓரமா உக்காந்துட்டேன். மேகத்தைப் பார்க்கிறாரு, மரத்தைப் பார்க்கிறாரு, வெளிச்சம் போற வரைக்கும் பார்க்கிறாரு. கடைசியில ரெண்டு நம்பரை எழுதி மடிச்சிட்டாரு. என்னக்கா, உங்களுக்குள்ள ஏதும் லாட்டரியா?”

ஜெயா சிரித்தாள். நான் தேத்தண்ணீர் போடுகிற மாதிரிக் குசினிக்குள் போய்விட்டேன். நல்லாக அழுதேன், அத்தான். பயத்தில் அழுதால் எனக்குச் சத்தம் வராது, இது சத்தமாக வந்தது. ஜெயா வந்து கேற்றிலை அடுப்பில் வைத்தாள்.

நீங்கள் குடிக்கவில்லை. வேலையில் படித்ததைத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்குள் அப்பாவின் வாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. அங்கே குளிர்காலத்தில் மூடுபனி வரும் என்று முன்பு சொன்னீர்கள். எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள்.

உங்கள்,
கௌரி


டேவிஸ்
12 டிசெம்பர் 1986

கௌரிக்கு,

மணியம் சொன்னதும் நம்பினீர். நான் சொன்னபோது நம்பவில்லை. எனக்கு நோகிறது அதுதான். மற்றதெல்லாம் எனக்கு விளங்குகிறது.

மூடுபனியை எழுத இருந்து மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. குழுவிலும் அப்படித்தான். போன கிழமை ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு “நல்ல மணம்” என்று எழுதிக் கொடுத்தேன். தலைவி தாளைத் திருப்பித் தந்துவிட்டு, சுகமில்லையா என்று கேட்டார். ஒரு வரி எழுதும்போதே, இதைக் கௌரி வாசித்தால் என்ன நினைப்பாள் என்று ஓர் ஆள் பக்கத்தில் நின்று கேட்கிறான். அவன் போகிறான் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருடமாக நீர் எனக்குப் பஸ், பூஞ்சணம், ஹீட்டர் எல்லாம் எழுதிவிட்டீர். நீர் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரு பொருளை ஒருநாளும் எழுதவில்லை. முன்பு அது உமது சுபாவம் என்று நினைத்திருந்தேன். இப்போது விளங்குகிறது. உமது அப்பா குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார் என்பதற்காக வானத்தை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுவதா?

நான் எழுத வேண்டுமென்றால் முதலில் நீர் எழுதும். பிறகு டிக்கெட்டைப் பற்றிக் கதைப்போம். பெப்ரவரியில் இங்கே வாதுமை பூக்குமாம். நான் பார்த்ததில்லை.

கூடியது 8. குறைந்தது 3. மூடுபனி.

குணரத்தினம்


மவுண்ட் ஈடன் உச்சி, ஒக்லாந்து
4 ஜனவரி 1987

என் அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு இது பழக்கமில்லை. சிரிக்காமல் வாசியுங்கள்.

தாரணியைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் மலையில் ஏறி வந்தோம். இந்த மலைக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம், பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. உச்சியில் ஒரு பெரிய குழி இருக்கிறது. அதற்குள்தான் ஒருகாலம் நெருப்பு இருந்ததாம். இப்போது உள்ளே முழுக்கப் புல். குழியின் அடியில் மாடுகள் மேய்கின்றன. மேலே நிற்கிற நாங்கள் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இங்கிருந்து இரண்டு கடல் தெரிகிறது. இது எனக்குத் தெரியாது. கிழக்கே ஒன்று, புதுத் தகரம் மாதிரி வெள்ளையாக, சின்னச் சின்னப் பாய்க்கப்பல்களோடு. மேற்கே மங்கரேப் பக்கம் மற்றது, தண்ணீர் வற்றி, பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் சேறு. என்னுடைய அலுவலகம் அந்தச் சேற்றுக்கரையில்தான். ஹீட்டர் வேலை செய்யாத அந்த அறைக்கு மேலால்தான் விமானங்கள் இவ்வளவு அமைதியாக இறங்குகின்றன என்று இங்கே நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது. நடுவே வீட்டுக் கூரைகள் எல்லாம் சிவப்பும் பச்சையும். எங்கள் கூரை எது என்று தாரணி தேடுகிறாள்.

காற்று ஓயவே இல்லை. உங்கள் ஊர்க் காற்று மாதிரி நேரம் பார்த்து வருகிற காற்று இல்லை இது. நல்ல மணம் என்று எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன், பார்த்திருப்பீர்கள். என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும் அல்லவா? வெட்டின புல். மாட்டுச் சாணம். வெயிலில் இளகின தார். கொஞ்சம் உப்பு. தாரணியின் தலையில் வைத்த நல்லெண்ணெய். இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்குச் சொல் தெரியவில்லை.

எங்களுக்கு முன்னால் மேற்கு வானம் முழுக்க மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, அத்தான். நான் அதைப் பார்க்கிறேன். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இல்லை. பின்படலை எங்கே என்று தேடவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அம்மா ஒருநாளாவது அந்த நிலாவைத் திரும்பிப் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன். தாரணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, வை ஆர் யூ ஸ்மைலிங்?” என்று கேட்டாள். “உன்ரை அப்பாவுக்கு எழுதிறன்” என்றேன். “ஐ நோ” என்றாள். இந்த முறை உண்மையாகவே தெரிந்திருக்கும் போல இருந்தது.

மணியம் தம்பியை நம்பினேன், உங்களை நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். பெப்ரவரி ஐந்தாம் திகதி விமானத்துக்கு இரண்டு இடம் பதிந்திருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலையிடத்திலும் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன். உங்களை நம்புகிறேன் என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாதுமை பூத்தால் நாங்கள் வரும்வரை எனக்கு எழுதாதேயுங்கள். சேர்ந்து பார்ப்போம்.

எழுத்துச் சாய்ந்திருக்கும். முழங்காலில் வைத்து எழுதுகிறேன். குடித்தது ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணீர் மட்டும்.

உங்கள்,
கௌரி